குறிக்கோளும் கொடையும்

மக்கட்பிறவி யெடுத்த ஒவ்வோருயிரும் தன்னைத் தானே வினவிக்கொள்ளற்பாலன இரண்டுள. யாம் எற்றுக்கு வாழ்கின்றோம் என்பது ஒன்று. எம்மாற் பிறர்க்கு ஆவது யாது என்பது மற்றொன்று. இவ்விரண்டனையும் வேறுவேறாகக் கொண்டு, முன்னையது துறவிக்கும் பின்னையது இல்லறத்தானுக்கும் உரியதெனப் பகுத்துரைப்பாருமுளர். அவை ஒரு வினாவின் இரு கூறே என்பதும், ஒன்றற்கு விடை காணாதார் மற்றொன்றற்கும் விடை காணமாட்டார் என்பதும் சித்தாந்தத் துணிபு. அதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றாம்.

திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கொண்டீச்சரத்துப் பெருமான் திருமுன் நின்று, இளமையும் காளைப்பருவமும் முதுமையும் ஒன்றன்பின் ஒன்றாக வீணே ஒழிந்தனவென இரங்குமிடத்து, அக்கேட்டிற்குக் காரணமாகக் குறிக்கோள் இன்மையையே எடுத்தோதியருளினார். சூலைநோயின் கொடுமையை அறிந்தவர் அவர். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் கண்டவர் அவர். எனினும் நோயையேனும் பகைவரையேனும் வறுமையையேனும் காரணமாகச் சொல்லினாரல்லர். நோயும் பகையும் வறுமையும் உடையானொருவனும் நன்கு வாழ்தல் கூடும். குறிக்கோள் இல்லான் இவை யாவும் இன்றி இருப்பினும் வாழ்ந்தவனாகான் என்பது இதனாற் பெறப்படும். சுவாமிகள் தம்மேல் ஏறட்டுக்கொண்டு அருளிச்செய்தது நம்மனோர் பொருட்டேயாம் என்க.

இனிக் குறிக்கோளாவது யாது? பொருளீட்டலோ எனின், அஃது உடம்போடு நின்றொழிவது. புகழோ எனின், அது பிறர் நாவைப் பற்றி நிற்பதன்றி நம்மைப் பற்றி நிற்பதன்று. கல்வியோ எனின், கல்வியும் கருவியாவதன்றி எய்தும் பொருளாகாது. ஓடத்தைச் செப்பஞ்செய்துகொண்டே கரையில் இருந்துவிடுவானை ஆறு கடந்தான் என்பாரிலர். உயிரின் இயல்பு இன்னதென்று துணிந்தாலன்றி உயிரின் குறிக்கோள் இன்னதென்று துணிதல் இயலாது. சார்ந்ததன் வண்ணமாதலே உயிரின் இயல்பெனச் சித்தாந்த நூல்கள் கூறும். பளிங்கு தனக்கென நிறமின்றி அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல் போல, உயிரும் மலத்தைச் சார்ந்துழி மலமாயும் சிவத்தைச் சார்ந்துழிச் சிவமாயும் விளங்கும். ஆகலின், எதனைச் சார்ந்து நிற்பேம் என்னும் தெளிவே குறிக்கோளாம். தொழிலும் நிலையும் ஊரும் எதுவாயினும் ஆகுக. சார்பு ஒன்று திருந்துமேல் வாழ்வு முழுதும் திருந்தும்.

இனிக் கொடையைப் பற்றி ஆராய்வாம். ஒருவன் பிறர்க்குக் கொடுக்குங்கால், கொடுக்கப்படும் பொருள் யாருடையது? தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் இறைவன் உயிர்கள்மேல் வைத்த கருணையால் மாயையினின்றும் தோற்றுவித்து உதவியன. நாம் உண்ணும் உடம்பு அவன் தந்தது. எண்ணும் மனம் அவன் தந்தது. நிற்கும் நிலமும் நுகரும் பொருளும் அவன் தந்தன. பிறர் வைத்த கருவூலத்தைக் காப்பான் ஒருவன், உடையவன் ஏவியவாறு அளந்து கொடுத்துவிட்டு, யான் வள்ளல் என்று தருக்குவானாயின், அவனைக் கண்டு நகையாதார் யாவர்? கொடுத்தேன் என்னும் செருக்கு, கொடாமையினும் கொடிது. கொடாதான் பொருளை மாத்திரம் தனதென்று கருதினான். செருக்கிக் கொடுத்தானோ பொருளையும் புண்ணியத்தையும் ஒருங்கே தனதென்று கருதினான். தக்கன் செய்த வேள்வியிற் குறைந்த பண்டம் ஒன்றுமில்லை. இறைவனை இகழ்ந்த செருக்கு ஒன்றே அதனைத் தீமையாக்கிற்று. சிவஞான சித்தியாரும் இதனையே காட்டாக எடுத்தோதும்.

அற்றேல், யாவும் அவனுடைமையாயின் நாம் கொடுத்தற்கு யாதும் இல்லை போலும், வாளா இருத்தலே தக்கது போலும் எனின், அன்று. பொருள் அவனுடையதாயினும் அதனைக் கொடுக்க இசையும் அன்பு உயிரின்கண் நிகழ்வது. கையும் அரிசியும் பசித்தானும் இறைவன் கூட்டிவைப்பன. அக்கை மலர்வதும் மூடுவதும் நம் இசைவைப் பற்றியன. அவ்விசைவும் அவனருள் உடன்நின்று உதவாக்கால் நிகழாதெனினும், கண்ணுக்குக் கதிரவன் உடன்நின்று உதவினாலும் காண்பது கண்ணே யாதல் போல, அன்பு செய்வது உயிரே யாம். அன்றியும், இறைவன் ஐந்தொழில் இயற்றுவது தன்பொருட்டன்று, உயிர்கள் பொருட்டே. தனக்கொரு பயன் கருதாது பிறர்க்கு உதவுவான் ஒருவன், அவ்வளவில் அப்பெருமான் திருவுளத்தைச் சார்ந்தவனாகின்றான். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்று மேலே கூறினாம். ஆகவே பயன் கருதாத கொடை, குறிக்கோளை எய்துதற்கு வழியாதலோடு, எய்திவருவதற்கு அடையாளமுமாம். மேற்கூறிய இருவினாவும் ஒன்றானவாறு இது.

எதனைக் கொடுப்பது என்னும் ஐயம் இனி எழும். இதற்குப் பெரியபுராணத்தினும் சிறந்த விடை பிறிதில்லை. அங்கே போற்றப்பெறும் தனியடியார் 63 பேரும் ஒரே வகையாகத் தொண்டு செய்தாரல்லர். திருநீலகண்டர் மட்கலம் வனைபவர். அடியார்க்குத் திருவோடு கொடுத்தார். நேசர் நெய்பவர், ஆடையும் கோவணமும் கொடுத்தார். திருக்குறிப்புத்தொண்டர் ஆடையொலிப்பவர்; அடியார் உடையின் அழுக்கைப் போக்கினார். அதிபத்தர் வலைவீசுபவர், பட்ட மீனில் ஒன்றை இறைவற்கென்று விடுத்தார். ஆனாயர் ஆநிரை மேய்ப்பவர். குழலில் ஐந்தெழுத்தை இசைத்தார். கணம்புல்லர் வறுமையுற்ற காலத்துப் புல்லரிந்து விற்று விளக்கெரித்தார். தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணில்லாதவர். கயிறு தடவித் திருவாரூர்க் குளத்தைக் கல்லினார். இவருள் ஒருவரேனும் தம் கையிலுள்ள தொழிலை விடுத்து மற்றொருவர் தொண்டினைத் தாம் செய்யப் புகுந்தாரல்லர். குயவர் நெய்வோர்போற் கொடுக்கவில்லையே என்று கவன்றிலர். கண்ணில்லாதவர் எம்மால் என்னாகும் என்று இருந்துவிட்டிலர். எனக்கு அமைந்த தொழில் யாது, அத்தொழில் யார்க்குப் பயன்படும் என்று கண்டு, அதனை இறைவன்பாற் படுத்துதலே அவர் காட்டிய நெறி.

இளையான்குடி மாறனார் சரிதம் மேலும் ஒன்று காட்டும். செல்வமுள்ள காலத்து அமுதூட்டினார் என்பது அவர்க்குச் சிறப்பன்று; செல்வர் பலர்க்கும் அஃது இயலும். மழை பெய்யும் நள்ளிரவில், வித்திய முளைநெல்லை வாரிவந்து, வீட்டின் அலகைப் பெயர்த்து விறகாக்கி, முற்றாத கீரையைப் பறித்துக் கறியாக்கிய இடத்தே அவர் பெருமை விளங்கிற்று. வயலில் நெல்முளை உண்டென்னும் உபாயத்தை உரைத்தவர் அவர்தம் மனைவியார் என்பதும் மறக்கற்பாலதன்று. இல்லின்கண் இருவர் மனமும் ஒன்றுபடாக்கால் விருந்தோம்பல் நிகழாது. ஒருவன் தன் வாழ்விற்குக் கோலும் குறிக்கோள், அவனோடு வாழ்வார்க்கும் இனிதாதல் வேண்டும் என்பது இதனாற் கொள்ளக்கிடக்கின்றது.

அதுதானும் இல்லாத வறியார் என்செய்வர் எனின், திருநின்றவூர்ப் பூசலாரை நினைக. பொருள் தேடியும் கிடையாமையால் மனத்தின்கண்ணே திருக்கோயில் எடுத்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் குறித்த நன்னாளை மாற்றிவைக்குமாறு கனவிற் பணித்து, இறைவன் அடியாருடைய மனக்கோயிலிற் புகுந்தருளினான். ஆயினும் இச்சரிதத்தைப் பொருளுள்ளார் தமக்குச் சாக்காகக் கொள்ளற்க. பூசலார் முதலிற் பொருள் தேடி உழன்றார். கிடையாதவிடத்தே மனத்தாற் செய்தார். பெட்டியிற் பொன்னை வைத்துக்கொண்டு மனத்தாற் கொடுப்பேம் என்பார்க்கு இச்சரிதம் துணையாகாது.

திருமூலதேவ நாயனார், வறியரும் செல்வரும் ஒப்பச் செய்தற்கு எளியனவாக நான்கினை வகுத்தருளினார். இறைவற்கு இலை ஒன்று சாத்தல், பசுவிற்குச் சிறிது புல்லிடல், உண்ணப் புகுமுன் பிறர்க்கென ஒருபிடி எடுத்துவைத்தல், இனிய சொற் சொல்லல் என்பன அவை. இவற்றை நோக்குமிடத்து ஒரு முறைமை புலனாகும். முதலது இறைவனை நோக்கியது. இரண்டாவது வாய் திறந்து கேட்கமாட்டாத உயிரை நோக்கியது. மூன்றாவது பசித்த மக்களை நோக்கியது. நான்காவது பசியில்லாதாரையும் உளப்படுத்தியது. இலையும் புல்லும் அரிசியும் அகப்படாத நாளும் உண்டு. இன்சொல் அகப்படாத நாள் இல்லை. எளியதென்று தோன்றும் இதுவே நம்முள் அரியதாய் இருத்தல் வியப்பே. சித்தாந்தம் கற்றோர் சிலர் கூடிய அவையிலும் வாதத்தின்கண் இன்சொல் முதலில் ஓடிவிடுகின்றது!

ஈண்டு ஒரு தடை நிகழும். சரியை கிரியைகளில் நிற்பார்க்கு இவையெல்லாம் பொருந்தும். ஞானம் தலைப்பட்டார்க்குப் பணி எற்றுக்கு என்பது அத்தடை. மெய்கண்டதேவர் பத்தாஞ் சூத்திரத்துள், இறைவனோடு ஒன்றாகி நின்று அவன் பணியில் வழுவாது நிற்றலே மலமாயை வினைகளை அகற்றும் நெறியென்று வைத்தார். பன்னிரண்டாஞ் சூத்திரமாகிய முடிந்த முடிபிலோ, மலம் நீங்கப்பெற்றவன் தனித்திருப்பான் என்றாரல்லர். அன்பரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுவான் என்றார். சிவஞானபோதத்தின் சிகரம் மக்கட் கூட்டத்தை விட்டு ஓடுவதன்று. அன்பர் கூட்டத்துள் வந்து முடிவது. அப்பரடிகளும் திருப்புகலூரில் இறுதிக்காலத்தும் உழவாரத்தைக் கைவிட்டிலர். உழவாரம் நின்ற இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றியபோதும், அவற்றைப் பருக்கைக்கல்லோடு ஒப்ப ஏந்தி வாவியில் எறிந்தார். பணி நின்றது, பணியின் பயனில் வேட்கை மாத்திரம் நின்றிலது. ஞானியின் பணிக்கு இலக்கணம் இதுவே.

கொடைகள் எல்லாவற்றுள்ளும் கொடுக்குந்தோறும் குறையாதது கல்விக்கொடை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) பொருட்செல்வம் உடையாரல்லர். கடன் அவர்களை வாழ்நாள் நெடுக வருத்திற்று. எனினும், வந்த மாணாக்கர்க்குச் சாதியும் சமயமும் வினவாது பாடஞ்சொல்லி, உண்டியும் உதவினார்கள். அவர்களிடம் கற்ற சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளிப்படுத்தி, பின்னும் அரும்பெரு நூல்கள் பலவற்றை அழியாது காத்தளித்தார்கள். கடன்பட்ட ஓர் ஆசிரியர் திண்ணையிற் கொடுத்தது, தமிழுலகம் முழுதும் உண்ணும் விருந்தாயிற்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) பாதிரிமார் கல்விச்சாலையில் இருந்த உத்தியோகத்தைத் துறந்து, இல்லறம் புகாது, 1848-இல் வண்ணார்பண்ணையிலும் 1864-இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார்கள். 1877-இல் யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமத்தை நடாத்தியவர்களும் அவர்களே. நூல் பதிப்பித்த கை கஞ்சி வார்க்கவும் நாணிற்றில்லை. அறிவுக்கொடையும் அன்னக்கொடையும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல என்பதற்கு இதனின் மேம்பட்ட சான்று வேண்டா.

இனி நம் காலத்தை நோக்குவாம். சிவஞான சுவாமிகள் 1785-இல் சிவபதம் அடைந்தார்கள். அவர்கள் அருளிய சிவஞான மாபாடியம் நெடுங்காலம் ஏட்டளவிலேயே பயிலப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிலேயே முழுவதும் அச்சேறிற்று. இன்றோ திருமுறை பன்னிரண்டும் சாத்திரம் பதினான்கும் சிறுவர் கையிலுள்ள கைப்பேசியிலுங்கூடக் கிடைக்கின்றன. ஆகவே குறை நூலின்கண் இல்லை. நூலைத் திறந்து, இச்சொற்கு இது பொருள், இத்தடைக்கு இது விடை என்று அருகிருந்து உரைப்பார்கண்ணே குறை உளது. நீறு பூசிய சிறுவன் ஒருவன், இதனை ஏன் பூசுகின்றோம் என்று வினவினால், பூசு என்று அதட்டுவார் பலர்; அமர்த்தி விளக்குவார் சிலர். விடை பெறாத வினா சிறுவன் உள்ளத்தில் அவிந்தொழிகின்றது. அவனோடு ஒரு குடும்பத்தின் வழிவழி வந்த மரபும் அவிகின்றது. இது பொருட்செலவால் நேர்ந்த இழப்பன்று. கொடாமையால் நேர்ந்த இழப்பு.

ஆதலாற் பண்டிதராயினார், தாம் கேட்ட பாடத்தைத் தம்மோடு எரியூட்டுதற்குரிய உடைமையென்று கருதாது, வைத்துச்செல்லுதற்குரிய கடனென்று கருதுக. ஆண்டொன்றிற்கு மாணாக்கர் ஒருவரேனும் சிவஞானபோதச் சூத்திரம் பன்னிரண்டனையும் உரையோடு கேட்டுமுடிக்கச் செய்வேம் என்று உறுதி கொள்க. மாணாக்கர் வந்து வேண்டுக என்று காத்திராது, ஆசிரியர் தாமே தேடிச் செல்க. பசித்தவன் வீட்டை நாடிச் செல்லும் அன்னமும் அன்னமே. திருமடங்களைச் சார்ந்தார், அன்னம்பாலிப்பு நடக்கும் இடத்திலேயே நாடோறும் ஒரு நாழிகை பாடமும் நடக்குமாறு செய்க. இல்லறத்தார் உண்ணப் புகுமுன் ஒருபிடி அரிசி எடுத்துவைப்பது போல, உறங்கப் புகுமுன் மக்களுக்குத் திருமுறைப் பாட்டு ஒன்றன் பொருளை எடுத்துரைக்க. கல்லாதார் கோயிற் பிராகாரத்துப் புல்லைப் பறிக்க. அதுவும் அப்பரடிகள் செய்த பணியே. நோயாற் படுக்கையிற் கிடப்பார், தம்மைக் காண வருவார்க்கு இன்சொல் வழங்குக. கொடுத்தற்கு ஒன்றும் இல்லாதாரை இறைவன் படைத்தானல்லன்.

சிவத்தைச் சார்ந்து நிற்றல் குறிக்கோள். அச்சார்பினின்று தன் கைத்தொழில் எதுவோ அதுவே பிறர்க்குப் பயன்படுமாறு நிற்றல் கொடை. கொடுத்தேன் என்னும் நினைவு எழாமை அவ்விரண்டிற்கும் காவல். இம்மூன்றும் ஒருங்கமைந்த வாழ்வு, குடிசையில் நிகழினும் திருமடத்தில் நிகழினும் சைவ வாழ்வேயாம். சென்ற நாளை எண்ணி இரங்குதல் நமக்கு வேண்டா. நாவுக்கரசர் நம்பொருட்டு இரங்கிவிட்டார். எஞ்சிய நாள் பலவோ சிலவோ அறியோம். ஆயினும் இன்று நம் கையில் உள்ளது. அதனைத் திறந்த கையாக வைத்திருக்கத் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.