சுமைகூலியின் பெயரால்

இணையக் கடையில் பொருள் வாங்கிய ஒருவர், தமக்கு வந்த பில்லை 2025 அக்டோபர் தொடக்கத்தில் சமூக வலைத்தளத்தில் போட்டார். பொருளின் விலைக்குக் கீழே மூன்று கட்டணங்கள் இருந்தன. தள்ளுபடி கொடுத்ததற்கு ஒன்று, பணத்தை வாங்கிக்கொள்வதற்கு ஒன்று, பொருளுக்குப் பாதுகாப்பு உறுதி தருவதற்கு ஒன்று. அந்தப் படம் நாடெங்கும் பரவியது. பொருள் கைக்கு வந்தபின் பணம் தருகிறேன் என்பவர்களிடம் தனிக் கட்டணம் பிடிக்கிறார்கள் என்ற புகார்கள் வந்திருப்பதாகவும், விசாரணை தொடங்கியிருப்பதாகவும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார்.

அந்தச் சர்ச்சையில் எல்லார் விரலும் பெரிய நிறுவனங்களை நோக்கியே நீண்டது. அதே காரியம் சிறிய அளவில் நம் பக்கத்திலும் நடக்கிறது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் நெய்த புடவை இன்று வாட்ஸப் வழியாகவும் யூடியூப் வழியாகவும் தமிழ்நாடு முழுக்கப் போகிறது. ‘சிங்கிள் பீஸும் கொரியரில் அனுப்புவோம், ஷிப்பிங் எக்ஸ்ட்ரா’ என்பது எல்லாருக்கும் பழகிப்போன வாசகம். பழைய நாணயம், அஞ்சல்தலை, மைப்பேனா, அச்சில் இல்லாத புத்தகம் எல்லாம் முகநூல் குழுக்களில் ஏலம் போகின்றன. ஏலம் எடுத்தவர் பணம் அனுப்ப உட்காரும்போதுதான் ‘கொரியர் சார்ஜ்’ என்று இன்னொரு தொகை வருகிறது. தகராறு அங்கேதான் பிறக்கிறது.

இதில் நியாயம் எது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். பொருளை அனுப்ப ஆகும் செலவை வாங்குபவர் தருவது முறை. அந்தச் செலவின் பெயரைச் சொல்லி அதற்கு மேல் வாங்குவது முறைகேடு. எவ்வளவு என்பதை ஏலம் முடியும்வரை சொல்லாமல் வைத்திருப்பதும் முறைகேடுதான். தொகை சிறியது என்பதால் பிழை சிறியதாகிவிடாது.

ஒரு பழைய புத்தகம் 1 ரூபாயில் ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் கேட்டு 40 ரூபாயில் முடிகிறது. எடுத்தவருக்குச் சேதி வருகிறது, அனுப்பும் கட்டணம் 250 என்று. ஏலத்தில் எடுத்துவிட்டு மறுத்தால் குழுவில் பேர் கெடும் என்று அவர் பணத்தைக் கட்டிவிடுகிறார். பார்சல் வருகிறது. உறையின் மேல் ஒட்டிய அஞ்சல் சீட்டில் அச்சாகியிருக்கும் தொகை 70. அட்டைக்கும் டேப்புக்கும் 20 போனது என்றே இருக்கட்டும். மிச்சம் 160 ரூபாய் எதற்கு வாங்கிய பணம்? புத்தகத்துக்கு என்றால் அது ஏலத்தில் கேட்கப்பட்ட விலை இல்லை. அஞ்சலுக்கு என்றால் அஞ்சலகம் அதை வாங்கவில்லை. எந்தக் கணக்கிலும் உட்காராத பணம் அது.

இப்படி விலையைக் கட்டணத்துக்குள் ஒளிப்பதால் விற்பவருக்குக் கிடைக்கும் ஆதாயங்கள் பல. 1 ரூபாய் என்ற எண் ஆட்களை இழுக்கிறது. ‘குறைந்த விலை முதலில்’ என்று வரிசைப்படுத்தினால் அவருடைய பொருள் உச்சியில் நிற்கிறது. தளத்துக்குத் தர வேண்டிய கமிஷன் விலையின்மேல் மட்டும் கணக்கிடப்பட்டால் அதிலும் மிச்சம். பொருள் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், ‘ஷிப்பிங் திருப்பித் தரப்படாது’ என்று சொல்லி 40 ரூபாயை மட்டும் திருப்பிவிட்டு 250 ரூபாயை வைத்துக்கொள்ளலாம். ஏலத் தளமான ஈபேயிலும் இதே நோய் முற்றியிருந்தது. 2011இல் அமெரிக்கத் தளத்தில் அனுப்பும் கட்டணத்தின்மேலும் கமிஷன் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த ஒரு வழி அடைபட்டது. இந்தியாவில் பாஸி என்ற தளத்தை 2004இல் வாங்கி நுழைந்த ஈபேயின் இந்தியக் கடை 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. அந்த ஏலக்காரர்கள் இருந்த இடத்தில் இன்று குழுக்கள் இருக்கின்றன. குழுவில் கமிஷனும் இல்லை, கேட்பாரும் இல்லை.

இதனால் ஏமாறுவது வாங்குபவர் ஒருவர் மட்டும் என்று நினைப்பது தவறு. பக்கத்திலேயே இன்னொரு விற்பனையாளர் அதே புத்தகத்துக்கு 130, அஞ்சல் உட்பட 220 என்று முதல் வரியிலேயே எழுதி வைத்திருப்பார். பட்டியலில் அவர் கீழே போய்விடுவார். அவருடைய வெளிப்படையே அவருக்கு நட்டம் ஆகிறது. உண்மை சொன்னவன் தோற்று, மறைத்தவன் ஜெயிக்கும் சந்தையில், அடுத்த மாதம் உண்மை சொன்னவனும் மறைக்கத் தொடங்குவான். 160 ரூபாயைவிடப் பெரிய நட்டம் அதுதான்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னதை இதற்குப் பொருத்திப் பேசுகிறார்கள். பொருந்தாது. அந்தப் பழமொழியில் வரும் முக்கால் பணம் சுமந்தவனுக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவன் யோசனை இல்லாதவன் என்று சொல்லலாமே தவிர, யாரும் யாரையும் ஏய்க்கவில்லை. இன்றைய கதையில் முக்கால் பணம் வாங்கப்படுகிறது. சுமந்தவனுக்குப் போவது அதில் ஒரு துண்டு. சுமைகூலியின் பெயர் மட்டும் பயன்படுகிறது. லாரித் தொழிலால் வாழும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் இது இன்னும் கூர்மையாக உறைக்க வேண்டும். டீசல் ஏறுகிறது, சுங்கக் கட்டணம் ஏறுகிறது, வாடகை மட்டும் கட்டுப்படியாகவில்லை என்று லாரி உரிமையாளர்கள் குமுறிக்கொண்டிருக்கும் மண் இது. ஓட்டுநரும் லோடுமேனும் காணாத பணத்தை அவர்கள் தொழிலின் பேரில் வாங்குவது அவர்களுக்கும் இழைக்கும் அநீதி.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு வெளியே எங்கும் தேட வேண்டாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் போடும் எல்.ஆர். என்ற சரக்கு ரசீதைப் பார்த்தால் போதும். வாடகை தனிக் கட்டம், ஏற்றுக்கூலி தனிக் கட்டம், ரசீதுக் கட்டணம் தனிக் கட்டம், வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் அதற்குத் தனிக் கட்டம். அனுப்புகிறவர் கட்டிவிட்டாரா, எடுக்கிறவர் கட்ட வேண்டுமா என்பதற்கு ‘பெய்டு’, ‘டூ பே’ என்று மேலேயே குறித்திருக்கும். கார்பன் வைத்து எழுதிய அந்தத் தாளில் சண்டைக்கு இடமே இல்லை. பரமத்தி வேலூர்ப் பக்கம் பிலிக்கல்பாளையத்தில் வெல்லம் ஏலம் போவதும் அப்படித்தான். 30 கிலோ சிப்பத்துக்கு என்ன விலை என்பது அத்தனை பேர் காதிலும் விழும். பணம் எண்ணும்போது புதிதாக ஒரு தொகை முளைத்தால் அந்த வியாபாரியிடம் மறுவாரம் ஒருவரும் சிப்பம் இறக்க மாட்டார்கள்.

சொன்ன விலை ஒன்று, கைமாறும் விலை வேறு என்றால் என்ன ஆகும் என்பதற்கும் நாமக்கல்லிலேயே பாடம் உண்டு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஒரு பண்ணை விலையை அறிவிக்கும். வியாபாரி அதிலிருந்து சில காசுகளை ‘மைனஸ்’ போட்டு எடுப்பார். ஒரு முட்டைக்குச் சில காசுதானே என்று தோன்றும். தினம் லட்சக்கணக்கில் முட்டை போடும் பண்ணைகளுக்கு அது வாழ்வா சாவா என்ற கணக்கு. அறிவித்த விலைக்கே எடுக்க வேண்டும் என்று பண்ணையாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள். விலையிலிருந்து மறைவாகக் கழிப்பதால் எரிச்சல் படுகிற அதே ஊர், விலையோடு மறைவாகச் சேர்ப்பதை ஏற்றுக்கொள்ளலாமா?

நம் நூல்கள் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டும்போது அவர்களுடைய செல்வத்தைவிட நடுவுநிலையைத்தான் முதலில் சொல்கிறார். பழிக்கு அஞ்சியவர்கள், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகப் பார்த்தவர்கள், வாங்கும்போது அதிகம் வாங்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்றவர்கள். திருவள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வணிகருக்கென்றே ஒதுக்கினார். அதற்கு உரை எழுதிய பரிமேலழகரும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறார். அதே அதிகாரத்தில், நன்மையே தருவதாக இருந்தாலும் நடுவுநிலை தவறி வரும் ஆக்கத்தை அன்றே கைவிட வேண்டும் என்கிறார் வள்ளுவர். கள்ளாமை அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பிறர் பொருளை வஞ்சித்து எடுப்போம் என்று மனத்தில் நினைப்பதே தீது என்கிறார். அது துறவறவியலில் வருவதால் துறவிகளுக்குச் சொன்னது என்று ஒதுக்கிவிட முடியாது. இல்லறத்தானுக்குத் திருட்டு அனுமதிக்கப்பட்டது என்று எந்த உரைகாரரும் எழுதவில்லை.

அரசை எப்படி நடத்துவது என்று கறாராகப் பேசும் அர்த்தசாஸ்திரம்கூட இங்கே வந்து சேர்கிறது. தூரத்திலிருந்து வரும் பொருளுக்கு விலை வைக்கும்போது முதலீடு, சுங்கம், வட்டி, வாடகை முதலிய செலவுகள் அத்தனையையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார் கௌடில்யர். செலவை மறுக்கவில்லை அவர். செலவு போக லாபத்துக்கு எல்லை வைத்தார்: உள்நாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுப் பொருளுக்கு 10. அதற்கு மேல் எடுத்தால் தண்டம். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், தாம் வாங்கும்போது நிறைவாக அளந்துகொண்டு பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிப்பதோடு தொடங்குகிறது. பைபிளின் நீதிமொழிகள் கள்ளத்தராசைக் கடவுள் அருவருப்பதாகச் சொல்கிறது. 250 என்று எழுதி 70 செலவழிப்பவர் பிடித்திருப்பதும் தராசுதான், தட்டு மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. கட்டணத்தைப் பார்த்துத்தானே பணம் அனுப்பினார், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே என்பது அது. ரோம் நாட்டுச் சிசரோ, கி.மு. 44இல் தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இந்த வாதத்தை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து இறங்குகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், மற்றதைச் சொல்லாமல் இருப்பது மறைப்பதாகாது என்றார் தியோஜெனிஸ் என்ற அறிஞர். விற்பவனுக்குத் தெரிந்தது எல்லாம் வாங்குபவனுக்கும் தெரிய வேண்டும் என்றார் அவருடைய மாணவர் அந்திபாத்தர். சிசரோ மாணவர் பக்கம் நின்றார். உன் ஆதாயத்துக்காக, அடுத்தவன் தெரிந்துகொள்ள வேண்டியதை அவன் அறியாதபடி வைப்பதுதான் மறைப்பு என்பது அவர் தீர்ப்பு. ஏலத்தில் தொகை கேட்கும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, கடைசியில் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது.

விற்பவர் படும் பாடும் பொய்யில்லை. கேஷ் ஆன் டெலிவரியில் புடவை கேட்டுவிட்டு, பார்சல் வாசலுக்கு வந்தபின் வேண்டாம் என்று திருப்புகிறார்கள். போகவர இரண்டு பக்கக் கூலியும் தறிக்காரர் தலையில் விழுகிறது. எடை குறைவாக இருந்தாலும் பெட்டி பெரிதென்றால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000ஆல் வகுத்துக் கட்டணம் போடுகின்றன கொரியர் நிறுவனங்கள். இவை உண்மையான செலவுகள். அப்படியானால் அவற்றை உண்மையான பெயரில் எழுதி வாங்கட்டும். திருப்பியவர் செய்த நட்டத்தைத் திருப்பாதவர் தலையில் சொல்லாமல் கட்டுவதற்கு இது சமாதானம் ஆகாது.

சட்டமும் அறத்தின் பக்கம் வந்துவிட்டது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவர் மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். அனுப்பும் கட்டணம், அஞ்சல், கையாளும் கட்டணம், வரி ஆகியவற்றைப் பிரித்தும் காட்ட வேண்டும். 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் நுகர்வோரை ஏய்க்கும் 13 உத்திகளைத் தடைசெய்தன. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளிவிடுவது அவற்றில் ஒன்று. ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு, விற்பவர் வசூலிக்கும் பேக்கிங் முதலிய இடைச்செலவுகளையும் பொருளின் மதிப்பில் சேர்த்தே வரி கேட்கிறது. அதாவது அரசின் கண்ணில் அனுப்பும் கட்டணம் விலையின் ஒரு பகுதி. இருந்தும் 2025 ஜூனில், மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ளுமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தளங்களுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது. விதி இருந்தும் மனம் இல்லாததன் விளைவு அது. நாலு பேர் சேர்ந்த வாட்ஸப் ஏலத்துக்குள் எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அங்கே விற்பவரின் மனச்சாட்சிதான் ஆய்வாளர்.

ஆகவே, விற்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஏலத்தைத் தொடங்கும் முதல் பதிவிலேயே, உள்ளூருக்கு இவ்வளவு, வெளியூருக்கு இவ்வளவு, பேக்கிங்குக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கு லாபம் வேண்டுமென்றால் தொடக்க விலையைக் கூட்டுங்கள், அதில் தலைகுனிவு ஒன்றும் இல்லை. அஞ்சல் ரசீதைப் படமெடுத்து எடுத்தவருக்கு அனுப்புங்கள். மிஞ்சிய பணத்தைத் திருப்பிவிடுங்கள். வாங்குபவர்கள், தொகை கேட்பதற்கு முன்பே ‘வீடு வந்து சேர மொத்தம் எவ்வளவு?’ என்று குழுவில் எல்லாரும் பார்க்கக் கேளுங்கள். பதில் வராத இடத்தில் ஏலம் கேட்காதீர்கள். ஏமாற்றப்பட்டால் பதிவையும் பார்சல் மேலுறையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது.