பறிக்காத பூ பூஜையாகுமா?

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் பூக்காரம்மா கனகாம்பரத்தை முழம் போடும்போதெல்லாம், இதற்கு மலையில் ஒரு பங்காளி உண்டு என்று சொல்ல வாய் வரும். கனகாம்பரமும் நீலக்குறிஞ்சியும் ஒரே தாவரக் குடும்பம். ஒன்று தினமும் கூடைக்கு வருகிறது. மற்றது பன்னிரண்டு வருஷம் வளர்ந்து, ஒரே ஒரு பருவம் பூத்து, விதை விட்டுச் செத்துப்போகிறது.

2018-ல் குறிஞ்சி பூத்தபோது நானும் நாத்தனாரும் கொடைக்கானல் போயிருந்தோம். 1936-ல் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகிற வழியில், சரிவில் பூத்திருந்த செடியில் அவர் கை வைத்தார். வேண்டாம் என்றேன். “குறிஞ்சி ஆண்டவருக்குக் குறிஞ்சி வைக்காம வேற எதை வைக்கிறது?” என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்று வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி இருக்கிறது. சட்டத்தைக் காட்டி வாயை அடைத்துவிடலாம். ஆனால் அவர் கேட்டது பக்தியின் கேள்வி.

தாயுமானவருக்கும் பூப்பறிக்க மனம் வரவில்லை. பூவுக்குள்ளேயே இறைவன் இருக்கிறான் என்பது அவர் சொன்ன காரணம். அதை அப்படியே பிடித்துக்கொண்டால் நான் நாளைக்கு மல்லிகைகூட வாங்க முடியாது. ஆனால் மல்லிகைக்கு நாளை உண்டு. பறித்த கொடி மறுபடி அரும்பு விடும். நித்திய பூஜை என்ற ஏற்பாடே இந்த ‘மறுபடி’யை நம்பித்தான் நடக்கிறது. குறிஞ்சிக்கு அது கிடையாது. அதன் பன்னிரண்டு வருஷமும் அந்த ஒரு பூப்பில்தான் போய்ச் சேர்கிறது. மலை முழுக்க ஒரே சமயத்தில் பூப்பதற்கும் அறிஞர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள்: பூச்சியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு விதை விழ வேண்டும். அந்தக் கொத்தைக் கிள்ளினால் கிள்ளுவது அடுத்த தலைமுறையை.

எடுக்கவே கூடாது என்று மலைக்காரர்கள் இருந்ததில்லை. குறிஞ்சித் தேனின் பெருமை குறுந்தொகையிலேயே இருக்கிறது. பளியர்கள் குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்று வயதுக் கணக்கு வைத்ததாகச் சொல்வார்கள். தேனீ எடுத்த பின்னும் பூ விதையாகிறது. எண்ணுகிறவரும் செடியைத் தொடுவதில்லை. எடுத்த பிறகும் அது தன் காரியத்தை முடிக்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. மலைநிலம் சேயோனுடையது என்கிறது தொல்காப்பியம்; குறிஞ்சி ஆண்டவரான முருகன்தான் அந்தச் சேயோன். அவன் மலையில் பூத்ததைப் பறித்து அவன் பாதத்தில் வைப்பது, கல்யாண வீட்டுக்காரர் பணத்தை எடுத்து அவருக்கே மொய் எழுதுவது போலத்தான். அவனுடையது அவனிடமே இருக்கிறது. நடுவில் நம் கை எதற்கு?

நாத்தனார் இதை முழுசாக ஒப்பவில்லை. “அப்போ ஒண்ணும் செய்யாம இருக்கிறதே பூஜையா?” என்று இன்றும் கேட்கிறார். நியாயமான கேள்வி. சும்மா இருப்பது மட்டும் பூஜையாகாது. குறிஞ்சி பூக்கும் மலைப் புல்வெளிகளில் தேயிலையும் யூகலிப்டஸும் சீகை மரமும் வந்தபோது யாரும் ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை. குறிஞ்சிக்கு இருந்த இடம்தான் போயிற்று. கொத்தைக் கிள்ளாமல் கையை மடக்கிக்கொள்வது எனக்குச் சுலபம். அடுத்த பூப்பு 2030-ல். அதுவரை அந்தச் சரிவு சரிவாகவே இருக்க வேண்டும் என்று கேட்பதும் அர்ச்சனையில் சேர்த்திதான்; நாங்கள் இருவருமே இன்னும் அதைத் தொடங்கவில்லை.