வராதவர்களின் நோட்டு

உதவி என்றாலே இரண்டு பேர் என்றுதான் நினைக்கிறோம். செய்கிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர். நம் அறக்கதைகளும் பெரும்பாலும் இந்த இருவரோடு முடிந்துவிடுகின்றன. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைப் பசு வந்து இழுத்தது, அரசன் இறங்கி வந்தான், நீதி கிடைத்தது. கயிறு வரைக்கும் வந்து சேர முடியாத பசுக்களைப் பற்றிக் கதை பேசுவதில்லை. கதைக்கு அது தேவையும் இல்லை. ஆனால் மணியைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிற ஒருவருக்கு அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது என்று நான் நினைக்கத் தொடங்கியது, பூதலூரில் ஒரு சின்னக் குழுவைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான்.

குழு என்பது பெரிய வார்த்தை. ஆறேழு பேர். பெயர் கிடையாது, பதிவு கிடையாது, ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அரசு மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்டு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார்கள். குழுவை நடத்துவது ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். நான் சென்னையில் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கான மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போகும்போது டீச்சருடைய நோட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பேன். என் பங்கு அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் ஒரு குழு எதற்கு என்று கேட்கலாம். அட்டை இருந்தால் சிகிச்சை, இல்லாவிட்டால் இல்லை, இதில் விளக்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இப்போது ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் அது ஆளுக்கு 5 லட்சம் அல்ல, குடும்பத்துக்கு. எல்லா ஆஸ்பத்திரியும் பட்டியலில் கிடையாது. பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரியிலும் எல்லா நோய்க்கும் கிடையாது. வெளிநோயாளியாகப் போய் மாசாமாசம் வாங்குகிற சர்க்கரை மாத்திரைக்குக் கிடையாது. பல அறுவை சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். அட்டை எடுக்கக் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் தள்ளி தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையில் பெயரே சேர்க்கப்படாத மருமகள் என்ன செய்வாள்? ஆதாரில் ஒரு எழுத்தும் குடும்ப அட்டையில் வேறு எழுத்துமாக இருக்கிற தாத்தா?

கல்லணைக்குப் பக்கத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் முதலிலேயே வந்துவிடும். தலைமடைக்காரர்கள் நாங்கள். கடைமடையில் இருப்பவனுக்கு வரப்பு மேல் நின்று வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்பது எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அரசுத் திட்டங்களில்தான் நாங்கள் அதைக் கற்றுக்கொள்கிறோம். தண்ணீர் திறந்தாச்சு என்று அறிவிப்பு வந்திருக்கும், வயல் காய்ந்து கிடக்கும்.

டீச்சர் தன் குழுவுக்கு வைத்திருக்கிற விதிகள் கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். "கேட்டுச் சொல்றேன்" என்பதற்கு யாரும் வெட்கப்படக் கூடாது. எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று சொல்லக் கூடாது. எதெல்லாம் பட்டியலில் இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். டீக்காசு உட்பட எதுவும் வாங்கக் கூடாது. வந்தவர் எல்லோரையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். காரியம் முடியாமல் திரும்பிப் போனவர்களை, வந்திருக்க வேண்டியும் வராதவர்களை, இன்னொரு நோட்டில் எழுத வேண்டும். இந்த இரண்டாவது நோட்டுதான் எல்லோருக்கும் சலிப்பு. வராத ஆளை எப்படி எழுதுவது? "அக்கம்பக்கத்துல கேளு. டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்க இருக்காங்க, கார்டு இல்ல, ஆனா நம்மகிட்ட வரல. ஏன் வரலன்னு எழுது" என்பார்.

இந்த விதிகளில் சிலது டீச்சர் யோசித்துக் கண்டுபிடித்தது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு என் வேலை காரணமாகப் படித்தபோது, அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே விதிகள் இருப்பது தெரிந்தது. அங்கே 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மெடிகேர் 1965-ல் சட்டமானது. காலப்போக்கில் அதன் பிரிவுகளும் துணைக் காப்பீடுகளும் பெருகி, படித்தவர்களுக்கே புரியாத காடாகிவிட்டது. 1990-ல் ஒரு சட்டத்தின் மூலம் மாநிலந்தோறும் காப்பீட்டு ஆலோசனைத் திட்டங்களுக்கு மத்திய நிதி ஒதுக்கினார்கள். ஷிப் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றிக்கொள்ளும் காலத்தில் அங்கே கூட்டம் அதிகம். உட்கார்ந்து விளக்கம் சொல்கிறவர்களில் பலர் தன்னார்வலர்கள், அதிலும் பலர் தாங்களே மெடிகேர் வாங்குகிற முதியவர்கள். எந்தக் கம்பெனியையும் சிபாரிசு செய்யக் கூடாது, எதையும் விற்கக் கூடாது, முடிவு வந்தவருடையது. அவர்களைப் பயிற்றுவித்து, கணக்கெடுத்து, மேற்பார்வை செய்ய ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஒருங்கிணைப்பாளர். பணக்கார நாட்டிலும் ஒரு திட்டம் புரிய இன்னொரு திட்டம் வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இரண்டு வருஷம் முன்பு குழுவில் ஒரு பெரிய சண்டை வந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மகன் வந்திருந்தான். அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு, சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகனுக்குத் திருச்சியில் ஒரு கடையில் சம்பளம், மனைவிக்கு ஒரு சின்ன வேலை. இரண்டையும் கூட்டினால் வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. வரம்பு முதலில் ஆண்டுக்கு 72,000 ரூபாய். 2022-ல் அதை 1,20,000 ஆக்கினார்கள், அதாவது மாதம் பத்தாயிரம். குழுவில் துடிப்பான பையன் ஒருவன், எலக்ட்ரீஷியன். அவன் சொன்னான்: "மருமக சம்பளத்த எழுத வேணாம்னு நான் சொல்லிடுறேன் டீச்சர். யாரு கேக்கப்போறா? ஊர்ல பாதிப்பேரு அப்படித்தானே சர்டிபிகேட் வாங்கியிருக்காங்க."

டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. "வரம்பு என்னன்னு சொல்லு. அரசு ஆஸ்பத்திரில கார்டு இல்லாமலும் சேத்துக்குவாங்கன்னு சொல்லு. எதை எழுதணும், எதை மறைக்கணும்னு நம்ம வாயில வரக் கூடாது தம்பி" என்றார். பையனுக்குக் கோபம் தாங்கவில்லை. "உயிர் போற நேரத்துல நீங்க ஸ்கூல் நடத்துறீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். பல மாதங்கள் திண்ணைப் பக்கமே வரவில்லை. அந்த மகன் வரிசையில் காத்திருக்கப் பயந்து, நகையை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தான். பெரியவர் பிழைத்துக்கொண்டார். நகை இன்னும் மீளவில்லை.

பையன் சொன்னது தப்பா? நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். அவன் பக்கம் பெரிய நியாயம் இருக்கிறது. மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஐந்நூறு கூட வந்தால் ஒரு குடும்பம் பைபாஸ் செலவைத் தாங்கும் என்று யாராவது மனசாட்சியோடு சொல்ல முடியுமா? எதிரே உட்கார்ந்து ஒருவன் அழும்போது விதியைப் படித்துக் காட்டுவது ஒரு வகையில் கொடுமைதான்.

அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1968-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று ஒரு சிறுமியைக் காட்டினால் ஊரே காசை அள்ளி அனுப்பும். ஆனால் வரி வசூல் குறைந்து, ஆஸ்பத்திரி வசதி குறைந்து, தடுத்திருக்கக்கூடிய சாவுகள் கொஞ்சம் கூடும் என்றால் யாரும் கண்ணீர் விடுவதில்லை. முகம் தெரிந்த உயிருக்கும் கணக்கில் மட்டும் இருக்கிற உயிருக்கும் நம் மனது ஒரே எடை போடுவதில்லை. இதை மனித பலவீனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்துக்கு இளகுவது நல்ல குணம். அந்தக் குணம் இல்லாதவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து திண்ணையில் உட்காரவே மாட்டான். ஆகவே முகத்துக்கு இளகும் வேலை தன்னார்வலருடையது. முகமில்லாதவரை நினைத்துக்கொள்ளும் வேலையை யாராவது தனியாக எடுத்துக்கொண்டாக வேண்டும். ஒருங்கிணைப்பவர் என்பவர் அந்த ஆள்தான்.

டீச்சரிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன், மாட்டிக்கொண்டால் குழுவுக்குக் கெட்ட பேர் என்ற பயத்தினாலா என்று. அதுவும் உண்டு என்றார். பிறகு சொன்னது என்னை உலுக்கிவிட்டது. "எழுபத்திரண்டாயிரம் இருந்த காலத்துல எல்லாரும் எழுபத்தோராயிரம்னு எழுதி வாங்குனாங்க. மேல இருக்கவங்க பாத்தா என்ன தெரியும்? எல்லாரும் வரம்புக்குள்ளதான் இருக்காங்க, வரம்பு சரியாத்தான் இருக்குன்னுதான தெரியும்?"

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: வொர்க்அரவுண்ட். மென்பொருளில் ஒரு பழுது இருக்கும். அதைச் சொல்லிச் சரிசெய்யாமல், பயன்படுத்துகிறவர்கள் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்துவிடுவார்கள். வேலை நடக்கும். புகார் வராது. பழுது பத்து வருஷம் அப்படியே இருக்கும். சுற்றுவழி தெரியாத புது ஆள் மட்டும் ஒவ்வொரு முறையும் அதில் விழுந்துகொண்டே இருப்பான். பொய்யாக எழுதிய ஒவ்வொரு வருமானச் சான்றும் ஒரு சுற்றுவழி. எழுதியவரை அது காப்பாற்றுகிறது. வரம்பு போதவில்லை என்பதற்கான சாட்சியத்தை அழித்துவிடுகிறது. அப்படி எழுத யாரையும் தெரியாதவர், எழுதப் பயப்படுகிறவர், கேட்கக் கூச்சப்படுகிறவர், இவர்கள்தான் அந்த விலையைக் கொடுக்கிறார்கள். கடைமடைக்காரர்கள்.

வரம்புகள் வானத்திலிருந்து வந்தவை அல்ல. 72,000 என்பது 1,20,000 ஆயிற்று. 2024 அக்டோபரில் மத்திய அரசு, எழுபது வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமலே 5 லட்சம் வரை காப்பீடு என்று தொடங்கியது. மனிதர்கள் போட்ட கோட்டை மனிதர்கள் நகர்த்த முடியும். ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் யாருடைய நோட்டிலாவது இருக்க வேண்டும். டீச்சரின் இரண்டாவது நோட்டிலிருந்துதான், கணவன் வீட்டுக் குடும்ப அட்டையிலும் இல்லாமல் பிறந்த வீட்டு அட்டையிலும் நீக்கப்பட்டு நடுவில் நிற்கிற பெண்கள் எவ்வளவு பேர் என்று எங்களுக்குத் தெரிந்தது. அதை மனுவாக எழுதித் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். சிலருக்குப் பெயர் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சுற்றுவழி காட்டியிருந்தால் அந்த மனுவே பிறந்திருக்காது.

வராதவரை நோக்கிப் போவது சாத்தியமா என்றால், நம் மாநிலத்திலேயே பழைய உதாரணம் உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூரில், ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் அக்கார்டு, அஷ்வினி அமைப்புகளும் சேர்ந்து 1992-ல் பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற மக்களுக்காக ஒரு மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கின. அரசுகள் இந்த வழிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. அங்கே நோய் வந்தபின் விளக்கம் சொல்லவில்லை. ஆண்டுதோறும் பிரீமியம் வாங்க ஊர் ஊராகப் போனபோதே, இது எதற்கு, யார் காசு யாருக்குப் போகிறது என்று பேசினார்கள். காப்பீடு என்பதே, நான் ஒருவேளை பார்க்கவே போகாத ஒருவருடைய நோய்க்கு இன்றே காசு வைப்பதுதானே. அதைப் புரியவைப்பதும் வராதவரைப் பற்றிய பேச்சுதான்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வராதவர் வாய் திறப்பதில்லை. அதனால் அவர் பெயரைச் சொல்லி எதை வேண்டுமானாலும் செய்யலாம். வருங்காலச் சந்ததிக்காக என்று சொல்லி இன்று இருப்பவனை விரட்டாத ஆட்சி உண்டா? நோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருங்கிணைப்பாளர் மெல்ல மெல்ல ஓர் அதிகாரியாகிவிடுவார். டீச்சருக்கு இது தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அவரே திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார். அந்த மகன் வீட்டுக்கும் அவர்தான் போய்வந்தார், அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இரண்டு தடவை. அங்கே என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. இல்லை என்று சொன்னவர், அந்த இல்லையால் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்கும் கடமையும் உள்ளவர்.

எலக்ட்ரீஷியன் பையன் இப்போது திரும்ப வருகிறான். டீச்சர் செய்தது சரி என்று அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. டீச்சரும் அவனை ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தை இரண்டாவது நோட்டில் எழுதியது அவன்தான். காரணம் என்ற இடத்தில் 'வரம்பைவிட மாதம் அறுநூறு ரூபாய் அதிகம்' என்று மட்டும் எழுதி, கீழே ஒரு கோடு போட்டிருக்கிறான். கணினியில் ஏற்றும்போது அந்தக் கோட்டை எப்படிப் பதிவுசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.