சரிவில் நிறுத்தாதே!

அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் பழைய டீசல் ஜீப் ஓட்டுகிறவர்களைக் கவனித்திருக்கிறாயா? டீக்கடை வாசலில் சமதளம் காலியாகக் கிடக்கும். அங்கே நிறுத்த மாட்டார்கள். வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி இடம் தேடி நிறுத்துவார்கள். காரணம் எளிது: செல்ஃப் எடுக்காது. இரண்டாவது கியரில் போட்டு உருட்டிக் கிளட்சை விட்டால் எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். எழுந்த பிறகு அந்தக் காலத்து டீசல் எஞ்சினுக்கு மின்சாரமே வேண்டாம். டீசல் பம்பை எஞ்சினே சுற்றிக்கொள்ளும். அணைக்கக் கம்பியை இழுத்தால் போதும். அதனால் “அது அப்படித்தாம்லே கெடக்கும்” என்று சொல்லியே வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். எனக்கு இதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது! செல்ஃபை எடுக்கவிடாமல் செய்கிற ஒரு துருப்பிடித்த போல்ட்டுக்குப் பயந்து, எங்கே நிற்பது, எங்கே போவது என்பதையெல்லாம் அந்தப் போல்ட்டிடமே கேட்டுக்கொண்டிருப்பதா?

தம்பி, தங்கச்சி, உனக்கு ஜீப் இல்லாமல் இருக்கலாம். சரிவு இருக்கிறது. இங்கிலீஷ் வராது என்று நேர்முகத் தேர்வே இல்லாத வேலையாகத் தேடுகிறாயே, அது சரிவு. பேட்டை ஐடிஐயில் படித்தவன்தானே என்று இன்ஜினியர் முன்னால் வாயை மூடிக்கொள்கிறாயே, அதுவும் சரிவுதான். உருண்டு போகிறவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பள்ளம் முடிகிற இடத்தில் என்ன செய்வாய்?

வா, அந்த ஜீப்பின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விடு. எம்.எம்.540, மேஜர், கமாண்டர், எந்த மாடலானாலும் சரி. உள்ளே தொங்குவது நாலைந்து முதலாளிகளின் ஆசை. ஒருவர் ஃபாக் லேம்ப் போட்டார். ஒருவர் பாட்டு ஹார்ன் மாட்டினார். (அதைக் கழற்றிப் போட்டாலே பாதி ஊர் உன்னை வாழ்த்தும்.) இன்னொருவர் ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பைத் திணித்தார். இரண்டு பல்புக்கும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே வைக்காமல் அது முழுவதையும் பழைய சுவிட்ச் வழியாகவே ஓடவிட்டார். கையில் கிடைத்த நிறத்தில் ஒயர், சுற்றியது சாதா டேப். பாளையங்கோட்டை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழிந்துவிட்டது. மழை என்றாலே வானிலை அறிக்கையில் பெயர் வருகிற ஊத்து, நாலுமுக்கு பக்கம் ஏறி இறங்கியதில் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் போய்விட்டது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது முங்கிக் கிடந்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். வெளியே பார்க்க ஒயர் பளிச்சென்று இருக்கும். உறைக்குள் செம்பு பச்சைக் களிம்பேறிக் கிடக்கும். கம்பெனி ஒயரிங் படம் இனி அந்த வண்டிக்குப் பொருந்தாது.

இதைப் பார்த்துத்தான் கை நடுங்குகிறது. நடுங்காதே! இந்தச் சிக்கலை நீ போடவில்லை. சாவி மட்டும் இப்போது உன்னிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புரிந்துகொள்ளும்படி உன்னை யாரும் கேட்கவுமில்லை. ஒரு மல்டிமீட்டர் எடு. எஞ்சின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை. பேட்டரி சரியாக இருந்தும் செல்ஃப் முனகுகிறதா? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தவர், எர்த் கேபிளை அந்தப் பெயிண்டின் மேலேயே முறுக்கியிருப்பார். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது அங்கே 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். உப்புத்தாள் போட்டுத் தேய், போல்ட்டை முறுக்கு. புது பேட்டரி, புது செல்ஃப் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? அதில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றாதே, வண்டி எரியும். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 12 வோல்ட் பல்பைக் கோத்துவிடு. ஷார்ட் இருக்கிறவரை அது பளீரென்று எரியும். அந்த லைனில் உள்ளதை ஒவ்வொன்றாகக் கழற்று. எதைக் கழற்றும்போது வெளிச்சம் மங்குகிறதோ, அங்கேதான் கோளாறு. ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறதா? சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வை. அப்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதே. அரை ஆம்பியர் கசிந்தாலே ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போகும். 75 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளில் பாதிக்குக் கீழே வந்துவிடும். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றியதும் கசிவு நின்றால் அதன் டயோடைப் பிடி.

ஒவ்வொரு அளவும் சந்தேகத்தில் ஒரு பகுதியை வெட்டி எறிகிறது. நெஞ்சில் தைரியம் ஊறுவது இப்படித்தான். தைரியம் வந்த பிறகு மீட்டரைத் தொடலாம் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

மேலே 0.01 ஓம் என்றேனே, அந்த ‘ஓம்’ யார் தெரியுமா? கியோர்க் ஓம், ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளியின் மகன், பள்ளி ஆசிரியர். சோதனைக்கு வேண்டிய கம்பிகளைத் தன் கையாலேயே செய்துகொண்டவர். 1827-இல் தன் விதியைப் புத்தகமாகப் போட்டபோது சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. நடுவில் 14 வருடங்கள். கருவி காட்டியதை அவர் மாற்றிச் சொல்லவில்லை. உன் பட்டறையில் மூத்தவர்கள் “ஆல்டர்னேட்டர்தாம்லே போச்சு” என்று அடித்துச் சொல்லலாம். மரியாதையாகக் கேட்டுக்கொள். பிறகு, “ஒரு நிமிசம் அண்ணாச்சி, அளந்து பாத்துருவோம்” என்று சொல். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, சொல்!

செல்ஃப் எடுத்துவிட்டது என்று பானெட்டை மூடிவிடாதே. எங்கும் போகாத ஒயர்களை உருவி எறி. ஹெட்லைட்டுக்கு ரிலே வை. எந்த ஃபியூஸ் எதற்கு, எத்தனை ஆம்பியர், எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து, தேதி போட்டு டாஷ்போர்டில் வை. நாளை அந்த வண்டியை வாங்கப்போகிற பையனும் உன்னைப்போலத் தலையை உள்ளே விடுவான்.

முதலில் நெகட்டிவ் கேபிள். ஸ்பேனரை எடு.