முதியோர் இல்லத்தில் பெற்றோர்: குவியலுக்குள் கை விட்டுப் பாருங்கள்

 

  

"ஹஜ்ரத், அத்தாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா?" என்று கேட்டு வருபவர்கள் முன்பெல்லாம் அபூர்வம். இப்போது அடிக்கடி வருகிறார்கள். பதில் கிடைத்ததும் சலாம் சொல்லிப் போய்விடுகிறார்கள். சேர்த்த பிறகு தங்கள் மீது என்ன கடமை இருக்கிறது என்று திரும்பி வந்து கேட்பவர்கள் மிகக் குறைவு. இன்றைய பயான் அதைப் பற்றித்தான்.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பெற்றோர் பிள்ளைகளின் வீட்டில் இருப்பதுதான் அசல். வசதியும் ஆளும் இருந்தும் மனமில்லாமல் கொண்டுபோய் விடுகிறவர் அல்லாஹ்விடம் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே மகள், அவளும் நோயாளி. மகன் வளைகுடாவில், மருமகளால் தனியாகத் தூக்கிப் புரட்ட முடியவில்லை. மூக்கில் குழாய் போட்டு உணவு கொடுக்க வேண்டிய நிலை. இப்படிப்பட்ட வீடுகளும் நம் மஹல்லாவில் இருக்கின்றன. அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவோ, கல்யாண வீட்டில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசவோ நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பனீ இஸ்ராயீல் சூராவின் 23வது வசனத்தில், பெற்றோரை 'சீ' என்று கூடச் சொல்லாதீர்கள் என்று அல்லாஹ் தடுக்கிறான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே வசனத்தில் ஒரு சிறிய சொல் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை: 'இந்தக்க'. அவர்கள் முதுமையை அடைவது 'உன்னிடத்தில்' என்று பொருள். உன் அரவணைப்பில், உன் பொறுப்பில் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதை விளக்குகிறார்கள். கட்டில் இடம் மாறலாம். அந்தச் சொல் உங்கள் கழுத்தை விட்டு இறங்காது. மாதம் பிறந்ததும் பணம் அனுப்பிவிட்டால் அமானிதம் கை மாறிவிட்டது என்று நினைப்பவர் இந்தச் சொல்லை மறுபடி ஓதிப் பார்க்கட்டும். அமானிதத்தைப் பார்த்துக்கொள்ள நீங்கள் ஆள் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆள் வைத்தவனுக்கு மேற்பார்வை கடமை.

எப்படி மேற்பார்வை செய்வது? நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து போனார்கள். பார்வைக்கு நல்ல தானியம். நின்று, குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் இல்லை என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இது. இதைக் கலப்படத்துக்கு ஆதாரமாக எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். வாங்குகிறவருக்கும் இதில் பாடம் இருக்கிறது: மேலே தெரிவதை வைத்து முடிவு செய்யாதே, கையை உள்ளே விடு.

முதியோர் இல்லத்தில் மேலே தெரிவது எது? வரவேற்பறை சோபா, செடித்தொட்டி, துடைத்த டைல்ஸ், சுவரில் மாட்டிய உணவுப் பட்டியல். ஈரம் எங்கே இருக்கும்? போர்வைக்கு அடியில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனாஸாவைக் குளிப்பாட்ட என்னை அழைத்திருந்தார்கள். பெரியவர் ஓர் இல்லத்தில் வஃபாத்தாகி, அங்கிருந்து கொண்டுவரப்பட்டவர். குளிப்பாட்டுபவர் மய்யித்திடம் கண்ட குறையை மறைக்க வேண்டும் என்பது மார்க்கம். ஆகவே ஊரும் பேரும் என் வாயிலிருந்து வராது. ஆனால் நான் கண்டது மய்யித்தின் குறை இல்லை, உயிரோடு இருப்பவர்களின் குறை. இடப்பக்கம் சாய்த்தபோது இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண். குதிகால் இரண்டும் கறுத்திருந்தன. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மகன் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். மாதம் தவறாமல் போய்ப் பார்த்தவர்தான் அவர். போன் செய்துவிட்டுப் போவார். அத்தாவைக் குளிக்கவைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, சக்கர நாற்காலியில் முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அரை மணி நேரம் பேசிவிட்டு, முத்தமிட்டுத் திரும்புவார். படுக்கை இருக்கும் அறைக்குள் ஒரு தடவையும் போனதில்லை.

அன்பானவர்களே! சொல்லாமல் போங்கள். ஒரே நேரத்தில் போகாதீர்கள். உமர் (ரலி) அவர்கள் மக்களின் நிலையை அறிய இரவில் நடந்தார்கள். குழந்தைகள் பசியால் அழ, அடுப்பில் வெறும் பானையை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்த தாயை அப்படித்தான் கண்டார்கள், மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்தார்கள் என்று வரலாற்று நூல்களில் வருகிறது. பகல் பதினோரு மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். இரவு உணவு கொடுக்கும் நேரத்தில் போங்கள். விடிகாலையில் போங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள் என்று கேட்டு, எண்ணியும் பாருங்கள். இரவில் போகவே அனுமதி கிடையாது என்றால், ஏன் என்று கேளுங்கள். மற்றவர்களின் உறக்கம் கெடும் என்பது நியாயமான பதில். மழுப்பினால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

போனால் போர்வையை விலக்குங்கள். அத்தா என்றால் மகன், அம்மா என்றால் மகள் அல்லது மருமகள் பார்க்கட்டும். வெட்கத்தைக் காப்பதும் கடமை. படுத்தே இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை, தோள்பட்டை என எலும்பு துருத்தும் இடங்களில் படுக்கைப்புண் வரும். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். சிவப்பு மறையாமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் காட்டினால் தப்பிக்கலாம். நம் கறுப்புத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர் டம்ளர் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா? அறைக் கோடியில் மேசை மேல் நிறைந்த ஜக்கு இருந்து என்ன பயன்? அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைத்துவிடும் இடங்களும் உண்டு. உதடு வெடித்து, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் சந்தேகப்படுங்கள். பல் செட்டும் மூக்குக் கண்ணாடியும் காது மிஷினும் அவர் மேல் இருக்கின்றனவா, அலமாரியில் பத்திரமாக இருக்கின்றனவா? அம்மாவின் வளையல் முன்பைவிடத் தளர்ந்து முழங்கை வரை ஏறுகிறதா? மாதா மாதம் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால், இரவில் என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள், எந்த டாக்டர் எழுதினார் என்று சீட்டைக் கேளுங்கள். மணிக்கட்டில் துணி கட்டிய தடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கேட்கவே நெஞ்சு பதறும். ஆனாலும் பாருங்கள்.

நோயாளிக்கு இவ்வளவெல்லாம் பார்ப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284 வாக்கில் கட்டிய மன்சூரி மருத்துவமனையின் வக்ஃபுப் பத்திரத்தில், கோடையில் நோயாளிகளுக்கு ஓலை விசிறி கொடுப்பது, உணவை அவரவர் பாத்திரத்தில் மூடித் தருவது வரை எழுதிவைத்தார்கள். பெரிய தர்மத்தைச் செய்தவர்கள் சின்ன மூடியையும் மறக்கவில்லை.

தொழுகை விஷயம். "அத்தாவுக்குத்தான் முடியாதே" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழு என்று இம்ரான் இப்னு ஹுசைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் வழிகாட்டியது புகாரியில் இருக்கிறது. அறிவு தெளிவாக இருக்கும் பெரியவருக்கு கிப்லா எந்தப் பக்கம் என்று கட்டிலருகே ஓர் அடையாளம் ஒட்டிவையுங்கள். தயம்முமுக்கு ஒரு டப்பாவில் சுத்தமான மண் வையுங்கள். ஹனஃபிகளுக்குக் கல் போதும், ஷாஃபிஈகளுக்குப் புழுதி உள்ள மண் வேண்டும். சிறுநீர் கட்டுப்படாதவருக்கும் மார்க்கத்தில் சலுகை இருக்கிறது: வக்து வந்தபின் துடைத்து, துணி மாற்றி, ஒளூ செய்து தொழலாம். வக்து வந்ததும் துணி மாற்ற அந்த இல்லத்தில் ஆள் வருகிறாரா? அதையும் விசாரியுங்கள்.

ஓர் இல்லத்தில் குறை கண்டவர் வாயைத் திறப்பதில்லை. கேட்டால், "புறம் பேசக்கூடாதே ஹஜ்ரத்" என்கிறார்கள். எங்கே பேணுதல் வேண்டுமோ அங்கே இல்லாத பேணுதல் இங்கே வந்துவிடுகிறது! ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபியவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவரிடம் பொருள் இல்லை, மற்றவர் கம்பைத் தோளிலிருந்து இறக்காதவர் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் புறம் பேசுவதற்கு அனுமதியுள்ள ஆறு இடங்களில், மக்களை எச்சரிப்பதையும் ஆலோசனை கேட்டவருக்கு உள்ளதைச் சொல்வதையும் சேர்க்கிறார்கள். அடுத்தவர் தன் தாயைச் சேர்க்கும் முன் உங்களிடம் கேட்டால், கண்டதைச் சொல்லுங்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள்.

ஏனென்றால் மறுபக்கமும் உண்டு. மறதி நோய் உள்ள அம்மா, "இவள் என் சங்கிலியைத் திருடிவிட்டாள், இன்று சோறே போடவில்லை" என்பார்கள். பத்து நிமிடம் முன்புதான் சாப்பிட்டிருப்பார்கள். சொன்னதும் வாட்ஸ்அப்பில் போட்டு ஒரு ஏழைப் பெண்ணின் வேலையைப் பறித்துவிடாதீர்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்வது ஹுஜுராத் சூராவின் கட்டளை. அதற்காக அம்மா சொல்வதைத் தள்ளிவிடவும் கூடாது. பத்து முறை மறதியில் சொன்னவர் பதினோராம் முறை உண்மையைச் சொல்லலாம். தட்டைப் பாருங்கள், பதிவேட்டைப் பாருங்கள், பக்கத்துக் கட்டில்காரரிடம் கேளுங்கள்.

நம் பெரியவர்களின் அசுத்தத்தை முகம் சுளிக்காமல் துடைத்துவிடுபவர்களில் பலர் மாற்று மதச் சகோதரிகள். அவர்களின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறீர்களா? மனிதர்களுக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபிமொழியின் கருத்து. நோன்புக் கஞ்சி கொண்டுபோகும் நாளில் அவர்களுக்கும் ஒரு தூக்கு கொண்டுபோங்கள்.

புண்ணோ, அடியோ, பட்டினியோ உறுதியானால் முதலில் நிர்வாகியிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகம், கலெக்டர் அலுவலகம் இருக்கின்றன. கொண்டுபோய் விட்டுவிட்டு எட்டிப் பார்க்காத பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளட்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, அவர்களைக் கைவிடுவது மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

மக்கா வெற்றியின் நாளில் அபூபக்கர் (ரலி) அவர்கள் வயது முதிர்ந்த தம் தந்தை அபூ குஹாஃபாவை நபியவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே விட்டிருந்தால் நான் அவரிடம் வந்திருப்பேனே என்றார்கள் நபியவர்கள். ஊரே கைக்குள் வந்த நாள் அது.

ஆகவே ஓர் அறிவிப்பு. நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர்கள் எந்தெந்த இல்லங்களில் இருக்கிறார்கள் என்று ஜுமுஆ முடிந்ததும் பள்ளி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளின் சம்மதம் பெற்று, வாரம் இருவராகப் போய்ப் பார்க்கப் போகிறோம். பெண்களைப் பார்க்கப் பெண்கள் போவார்கள். முதல் முறை வரும் ஞாயிறு, அஸ்ருக்குப் பிறகு. அடுத்த முறை எப்போது என்று அறிவிக்க மாட்டோம்.

யா அல்லாஹ்! இந்த நேரத்தில் ஏதோ ஒரு கட்டிலில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் தாய் தந்தையரின் வேதனையை லேசாக்குவாயாக! ஆமீன்.