கூட ஊற்றிய கம்பி

லண்டனில் மகள் வீட்டுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என்னை எங்காவது கூட்டிப் போவாள். அன்று டேட் மாடர்ன் ஓவியக்கூடத்துக்குத்தான் கிளம்பினோம். பழைய மின்நிலையக் கட்டடம் என்பதால் எனக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் கால் வலிக்கிறது என்றேன். படங்கள் புரியவில்லை என்பதற்கு அது மரியாதையான பெயர். "சரி வாங்கப்பா, உங்க சாமான் பக்கத்துலயே இருக்கு" என்று பின்பக்கம் சதர்க் ஸ்ட்ரீட்டுக்கு நடத்திப் போனாள்.

99ஆம் எண் கட்டடம். கருத்துகள் வேண்டாம், உண்மைகளே வேண்டும் என்ற பொருளில் மூன்றே ஆங்கிலச் சொற்கள் வாசலுக்கு மேலே பொறிக்கப்பட்டிருந்தன. கோவையில் ஒரு ஃபவுண்டரியில் 26 வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் நான். அந்தச் சொற்களின் கீழே நுழையக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இது கிர்கால்டி சோதனைக்கூட அருங்காட்சியகம். எல்லா நாளும் திறந்திருக்காது. நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். அன்று எங்களுக்குச் சுற்றிக் காட்டியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். நம் ஊர் பனியன் வேஸ்ட் போல ஒரு துணி கையில் இருந்தது. பேசிக்கொண்டே துடைத்தார், துடைத்துக்கொண்டே பேசினார். சம்பளம் இல்லை. நம் பக்கத்தில் ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டுக்காரர் கோயில் கமிட்டியில் சேருவார், இல்லையென்றால் சைட் வாங்கி விற்பார். இவர் 116 டன் எடையில் படுத்துக் கிடக்கும் ஒரு இயந்திரத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த இயந்திரம் 47 அடிக்கும் மேல் நீளம். ஒரு நுனியில் அழுத்தமேற்றிய தண்ணீர் தள்ளும். மறுநுனியில் நெம்புகோல்களும் எடைகளும் எவ்வளவு விசை என்று சொல்லும். நடுவில் மாட்டிய பொருளை இழுக்கலாம், நசுக்கலாம், வளைக்கலாம், முறுக்கலாம். எப்படிச் செய்தாலும் கடைசியில் அது உடைய வேண்டும். உடைந்தால்தான் வேலை முடிந்தது.

டேவிட் கிர்கால்டி ஸ்காட்லாந்துக்காரர், 1820இல் டண்டி பக்கத்தில் பிறந்தவர். கிளாஸ்கோவில் ராபர்ட் நேப்பியரின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் இரும்பின் தரத்தைச் செய்தவன் பேரை வைத்தும், முறிந்த இடத்தின் தோற்றத்தை வைத்தும் சொல்வார்கள். நார் நாராகத் தெரிந்தால் நல்ல இரும்பு, மணி மணியாகத் தெரிந்தால் மட்டம். அவர் உடைத்து உடைத்துப் பார்த்து ஒன்று கண்டுபிடித்தார். ஒரே தேனிரும்பு மெதுவாக இழுத்தால் நாராக முறிகிறது, சட்டென்று முறித்தால் மணியாக முறிகிறது. தோற்றம் இரும்பைப் பற்றி மட்டும் பேசவில்லை, உடைத்த கையைப் பற்றியும் பேசுகிறது. மனிதர்களைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொன்னது இரும்பைப் பற்றி மட்டும்தான்.

1861இல் வேலையை விட்டார். இயந்திரத்தைத் தானே வடிவமைத்து லீட்ஸில் கிரீன்வுட் அண்ட் பேட்லியிடம் செய்யக் கொடுத்தார். 1866இல் சோதனைக்கூடம் திறந்தது. 1874இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பொருளைத் தரலாம். வந்த எண்ணைத்தான் தருவார். மூன்று தலைமுறை, 1965 வரை, அந்தக் குடும்பத்தின் பிழைப்பு இதுதான்.

1879 டிசம்பர் 28 இரவு, புயலில், டே ஆற்றுப் பாலத்தின் உயரமான நடுப்பகுதி மேலே போய்க்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றுக்குள் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பாலம் திறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அது போய்ச் சேரும் ஊர் டண்டி, கிர்கால்டி பிறந்த பக்கம். விசாரணைக்காகப் பாலத்தின் துண்டுகள் இதே இயந்திரத்துக்கு வந்தன. இணைப்புக் கம்பிகளைப் பிடித்திருந்த வார்ப்பிரும்புக் காதுகள், தாங்க வேண்டிய அளவுக்கு வெகு முன்பே முறிந்தன. அவற்றில் போல்ட் ஓட்டைகளை டிரில் போடாமல் வார்ப்பிலேயே விட்டிருந்தார்கள். ஓட்டை சரிவாக அமைந்ததால் போல்ட் முழுதாகப் பதியாமல் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்தது.

இன்னொரு விஷயமும் விசாரணையில் வெளிவந்தது. தூண் வார்ப்புகளில் விழுந்த காற்றுத் துளைகளில், அதாவது புளோ ஹோல்களில், தேன்மெழுகு, பிசின், இரும்புத் தூள், புகைக்கரி கலந்த ஒரு பசையை வைத்து அடைத்திருக்கிறார்கள். தொழிலாளர்கள் அதற்குப் 'போமான்ட் முட்டை' என்று பெயரே வைத்திருந்தார்கள். பெரியவர் இதைச் சொல்லி என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். எங்களிடம் அதன் பெயர் எம்-சீல். மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்தால் பெற்ற தாய்க்கும் தெரியாது.

ஆனால் என் கூச்சத்துக்குக் காரணம் எம்-சீல் இல்லை. அதை எல்லோரும் செய்தார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம்.

காஸ்டிங் ஊற்றும்போது கூடவே 30 மில்லிமீட்டர் தடிமனில் தனியாக ஒரு கம்பி ஊற்றுவோம், டெஸ்ட் பார். அதைக் கடைந்து, இழுத்து முறித்து, வரும் எண்ணைச் சர்ட்டிபிகேட்டில் எழுதுவோம். அது முறிவதால் மற்றவை முறிய வேண்டியதில்லை. ஒரு திங்கட்கிழமை, உருக்கிய இரும்பை ஏந்தி ஊற்றும் லேடிலில் முதலாவதற்குச் சூடு பத்தவில்லை. இரும்பு சரியில்லை என்று ஊற்றும்போதே கண்ணுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் லாரி நிற்கிறது. மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: "சார், பாரை மட்டும் அடுத்த லேடில்ல ஊத்திக்கலாங்க." நான் தலையை ஆட்டினேன்.

பார் அழகாகத் தேறியது. சர்ட்டிபிகேட்டில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. அந்தக் காஸ்டிங்குகள் எந்தெந்தப் பம்புக்குள் எந்தெந்தக் கிணற்றடியில் இருக்கின்றனவோ. இன்றுவரை ஒரு புகாரும் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

அதனால்தான் அந்த வாசல் எழுத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கருத்து பொய் சொல்லும், சரி. உண்மையும் சொல்லுமே! உடைத்துப் பார்த்த துண்டைப் பற்றித்தான் நமக்கு உண்மை தெரியும், அந்தத் துண்டோ இப்போது இல்லை. மிச்சம் இருக்கும் அத்தனையையும் ஊற்றியவன் மேலுள்ள நம்பிக்கையில்தான் வாங்குகிறோம். பெண் பார்க்கப் போகிற வீட்டில் பஜ்ஜி நன்றாக இருந்தது என்கிறோமே, அது அடுத்த லேடிலில் ஊற்றிய பார். விருந்தாளி முன்னால் நான் மனைவியிடம் பேசும் குரலும் அப்படித்தான். என் மகளுக்கு, வேலைக்குப் போனவன் என்றும் நேர்மையானவன் என்றும் நான் காட்டிய அப்பாவில் எத்தனை பங்கு டெஸ்ட் பார், எத்தனை பங்கு காஸ்டிங் என்று எனக்கே சொல்லத் தெரியாது. உடைத்துப் பார்க்கலாம் என்றால், எந்தக் கை எந்த வேகத்தில் இழுக்கிறது என்பதைப் பொறுத்து நாராகவும் முறிவேன், மணியாகவும் முறிவேன்.

இதையெல்லாம் அவளிடம் அங்கேயே, அரைகுறையாகச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "எஃப்ஜி 200 தானே போட்டு அனுப்புனீங்க?" என்று கேட்டாள். கிரேடு அவளுக்கு எப்படித் தெரியும் என்றேன். "நீங்க தூக்கத்துல பேசுவீங்கப்பா."

அதற்குள் பெரியவர் சின்ன இயந்திரம் ஒன்றில் ஒரு எஃகுக் கம்பியை மாட்டியிருந்தார். எங்களை ஓர் அடி தள்ளி நிற்கச் சொன்னார். வார்ப்பிரும்பு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். எஃகு அப்படி இல்லை, நீளும், ஓரிடத்தில் கழுத்துப் போல் ஒடுங்கும், அப்புறம்தான் போகும். அந்தக் கழுத்து விழுவதை மூவரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். படீர் என்று ஒரு சத்தம். இத்தனை வருடம் கேட்டவன், என் தோள்தான் முதலில் துள்ளியது.

இரண்டு துண்டையும் எடுத்து அவர் என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றின் நுனி கிண்ணம் போல் குழிந்திருந்தது, மற்றது கூம்பு போல். முறிந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. "தொட்டுப் பாரு கண்ணு" என்று மகளிடம் நீட்டினேன்.