பறக்கும் முன்



பசிபிக் பெருங்கடலில், ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் வடமேற்குக் கோடிக்கு அருகே மிட்வே என்ற பவளத்தீவு இருக்கிறது. லேசான் அல்பட்ராஸ் பறவைகள் இலட்சக்கணக்கில் அங்கே வந்து கூடு வைக்கின்றன. ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி இரண்டு மாதம் அடைகாத்து, பிறகு குஞ்சின் இரைக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகின்றன. வந்து இறங்கிய தாய் அலகைத் திறக்கும். குஞ்சு தன் அலகைக் குறுக்கே நுழைக்கும். கணவாயும் மீன்முட்டையும் எண்ணெயுமாக வயிற்றில் சுமந்து வந்ததைத் தாய் அப்படியே வார்த்துவிடும்.

அதில் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே போகிறது. பறக்கும் மீன்கள் கடலில் மிதப்பவற்றின்மேல் முட்டையிடும். முட்டை ஒட்டிய பாட்டில் மூடியை, சிகரெட் லைட்டரை, நாம் கடலில் விட்ட குப்பையை, இரை என்று நம்பித் தாய் விழுங்கி வருகிறது. குஞ்சுக்கு ஊட்டும்போது அதன் மனதில் அன்பைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்? ஆனாலும் செத்துக் கிடக்கும் குஞ்சின் எலும்புகளுக்கு நடுவே அந்த மூடிகள் சாயம் போகாமல் கிடக்கின்றன.

பிரியமானவர்களே, சோற்றோடு சேர்த்து நம் பிள்ளைகளுக்கு எதை ஊட்டுகிறோம்? சித்தப்பா வீட்டு வாசலை மிதிக்காதே என்ற வன்மத்தையா? சாதிப் பெருமையையா? நம்மைப் பெற்றவர்களும் அறியாமல் ஊட்டியவர்கள்தாம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் கேளுங்கள். முதன்முதலாகப் பறந்து போகுமுன் அல்பட்ராஸ் குஞ்சு, செரிக்காமல் தங்கிய கணவாய் அலகுகளை உருண்டையாகக் கக்கிவிடுகிறது. பிளாஸ்டிக்கும் அதோடு வெளியே வந்துவிடுவதுண்டு. எல்லாக் குஞ்சுக்கும் அது வாய்ப்பதில்லை, அதுதான் வேதனை. நமக்கோ இரக்கமுள்ள தந்தை ஒப்புரவு அருளடையாளத்தைத் தந்திருக்கிறார். நாமே விழுங்கியதானாலும் பிறர் ஊட்டியதானாலும் அங்கே இறக்கி வைக்கலாம். யார் ஊட்டினார்கள் என்று அவர் கணக்குக் கேட்பதில்லை.

"வயசாயிடுச்சு சாமி, இனிமே என்ன மாறப் போறோம்?" என்று சிலர் கேட்கிறீர்கள். மிட்வேயில் விஸ்டம் என்றொரு பெண் அல்பட்ராஸ் உண்டு. 1956இல் முட்டையிடும் பருவத்தில் அதன் காலில் வளையம் மாட்டினார்கள். 2024இன் இறுதியில், எழுபது வயதைத் தாண்டிய அது மறுபடியும் முட்டையிட்டது. உங்களை நம் ஆண்டவர் கைவிடுவாரா?

சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஒப்புரவு கேட்க அமர்ந்திருப்பேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் சேர்ந்தே வந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.